கயிற்றை இழுக்கும் முன்

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த ஊர் ஊராகத் தேடப்பட்டது பெட்ரோலில் ஓடும் செயின்சா மெஷின். இன்று அது வாடகைக்குக் கிடைக்கிறது, ஆன்லைனிலும் கிடைக்கிறது. கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. மரம் எந்தப் பக்கம் சாயும் என்று நாலு பேர் நின்று யோசிப்பார்கள். டேங்கில் பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுக்கிற இடத்தில் மட்டும் யாரும் நிற்பதில்லை. தீக்காயத்துக்கும் தொடை வெட்டுக்கும் அங்கேயே வழி திறந்துவிடுகிறது.

இது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். வெறும் பெட்ரோலில் ஓட்டினால் சீக்கிரமே பிஸ்டன் இறுகி மெஷின் படுத்துவிடும். பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்க வேண்டும். பல மெஷின்களுக்கு 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சிலவற்றுக்கு 25:1, லிட்டருக்கு 40 மில்லி. எந்தக் கணக்கு, எந்தத் தர ஆயில் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தோப்புக்காரர் சொல்வதைக் கேட்டு ஊற்றாதீர்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ஆகவே ஒரு மாதத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் கலந்து வைக்க வேண்டாம். கலந்ததைத் தண்ணீர் பாட்டிலில் வைப்பது பெரிய ஆபத்து. வீட்டில் குழந்தை இருந்தால் சொல்லவே வேண்டாம். பெட்ரோலுக்கென்றே உள்ள கேனில் ஊற்றி, மேலே எழுதி ஒட்டுங்கள்.

செயினுக்கான ஆயில் டேங்க் தனி. மூடி மாறாமல் பாருங்கள். வண்டியில் வடித்த கழிவு ஆயிலை அதில் ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. பம்புக்கும் கேடு, தெறித்துப் படுகிற தோலுக்கும் கேடு.

பெட்ரோல் தீர்ந்து மெஷின் நின்றவுடன், சூட்டோடு சூடாக ஊற்றுவதுதான் தீப்பிடிக்க வைக்கும் வேலை. சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும், டேங்குக்குள் ஆவி அழுத்தம் ஏறியிருக்கும். சற்று ஆறவிடுங்கள். மூடியை மெல்லத் திருகி அழுத்தத்தை வெளியே விட்டு, பிறகு முழுசாகத் திறங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் கூடாது. சிந்தியதைத் துணியால் துடையுங்கள், சட்டையில் பட்டால் சட்டையை மாற்றுங்கள். ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்யாமல், குறைந்தது 3 மீட்டர் தள்ளிப் போங்கள்.

இனி கயிறு. இடது கையில் மெஷினைத் தொங்கவிட்டு, அதைக் கீழே தள்ளிக்கொண்டே வலது கையால் கயிற்றைச் சுண்டி இழுப்பது பலருக்கும் கைவந்த ஸ்டைல். பார்க்க வீரமாகத்தான் இருக்கும். ஆனால் சோக் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது ஆக்ஸிலேட்டர் பாதி திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் பிடித்த அடுத்த நொடியே செயின் சுழலும். அந்த நேரத்தில் மெஷின் ஒற்றைக் கையில், தொடைக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது.

சரியான முறை கடினமானதல்ல. செயின் ஓடும் பட்டையின் உறையைக் கழற்றிவிட்டு, மெஷினைச் சமதரையில் வையுங்கள். முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் காப்பை முன்பக்கம் தள்ளினால் 'டக்' என்று செயின் பிரேக் விழும். இடது கை முன்கைப்பிடியில், கட்டைவிரல் கீழாகச் சுற்றிப் பிடித்திருக்கட்டும். வலது காலின் முன்பகுதியைப் பின்கைப்பிடிக்குள் விட்டு அழுத்துங்கள். செயின் தரையிலும் கல்லிலும் படக்கூடாது. சோக் போட்டு இழுங்கள். ஒருமுறை 'பொட்' என்று வெடித்து அணைந்ததும் சோக்கை எடுத்துவிட்டு மீண்டும் இழுங்கள். ஓடத் தொடங்கியதும் ஆக்ஸிலேட்டரை லேசாகத் தட்டினால் பூட்டு விடுபட்டு, வேகம் தணியும். அதன் பிறகே பிரேக்கை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே செயின் ஊர்ந்தால் மெஷினை நிறுத்தி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

லுங்கியும் தோளில் துண்டும் இந்த வேலைக்கு ஆகாது. பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பான், முடிந்தால் வெட்டுத் தாங்கும் பேன்ட். கூலிக்காரர் இதையெல்லாம் எங்கே வாங்குவார்? வேலை கொடுப்பவர்தான் வாங்கித் தர வேண்டும்.

சட்டம் இங்கே தொழிலாளி பக்கம் இருக்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே மரம் வெட்டுவோர் இடம்பெற்றிருந்தார்கள். அந்தப் பாதுகாப்பு இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. வாய்வார்த்தையில் கூலிக்கு அமர்த்தியிருந்தாலும் இழப்பீடு கேட்கலாம். ஒரு சிக்கல் உண்டு. குடித்திருந்தாலோ, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியிருந்தாலோ, அதனால் நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பில்லை என்று வாதிட முடியும். மரணமும் நிரந்தர முழு ஊனமும் மட்டுமே இதற்கு விலக்கு. இடைஞ்சலாக இருக்கிறதென்று முன்காப்பைக் கழற்றிப் போடுகிறவர் இழப்பீட்டையும் சேர்த்தே கழற்றுகிறார்.

மெஷினிலேயே கோளாறு என்றால் அது நுகர்வோர் வழக்கு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளில் குறை இருந்தாலும், சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் போதுமான அளவு தராமல் விற்றாலும் தயாரித்தவர் பொறுப்பு. கையேடே இல்லாமல் பெட்டியில் வருகிற மலிவு மெஷின்களுக்கும் இது பொருந்தும். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது.

விபத்து நடந்துவிட்டால், சுத்தமான துணியை வெட்டின்மேல் வைத்து விடாமல் அழுத்திப் பிடித்தபடி 108ஐ அழையுங்கள். தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். இங்க், பற்பசை வேண்டாம். ஆஸ்பத்திரியில் 'கீழே விழுந்துவிட்டார்' என்று எழுத வைக்காதீர்கள். யாரிடம் வேலை செய்தபோது, எந்த மெஷினால் என்பது விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதன் நகல், மெஷினின் படம், கூலி வாங்கியதற்கான ஜிபே பதிவு, உடன் இருந்தவரின் சாட்சி ஆகியவற்றோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். இழப்பீடு கேட்க விபத்து நாளிலிருந்து 2 ஆண்டுகள்தான் கெடு.