பல் வரிசையும் பொறுமையும்

தெமட்டகொடைப் புகையிரத நிலையத்துக்கு அண்மையில் வசிக்கும் குடும்பமொன்றை நாம் அறிவோம். அவ்வீட்டின் இளைய மகளுக்கு வயது 14. மேற்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றமையால், சிரிப்பு வரும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொள்வது அவள் வழக்கம். பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்று கம்பி போட்டார்கள். நான்கு மாதங்கள் சென்றன. மூத்த மகளின் திருமணத்துக்கு இன்னும் ஐந்து மாதங்களே இருந்தன. "டொக்டர், கம்பியைக் கொஞ்சம் இறுக்கிவிட்டால் கலியாணத்துக்கு முன் சரியாகிவிடாதா?" என்று தாயார் கேட்டார். "இறுக்கினால் பிந்துமேயன்றி முந்தாது, அம்மா" என்று கூறி வைத்தியர் மறுத்துவிட்டார்.

இவ்விடையின் பொருள் யாதென அறிய வாசகர்களும் விரும்புவர் என எண்ணுகின்றோம்.

பல்லின் வேருக்கும் தாடை என்புக்கும் இடையே ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறையக் காற்பங்கு தடிப்புள்ள நார்ப்படலம் ஒன்று உண்டு. அதனுள் நுண்ணிய குருதிக் குழாய்களும் உயிர்க்கலங்களும் நிறைந்துள்ளன. கம்பி பல்லை மெல்லத் தள்ளும்போது, இப்படலம் ஒருபக்கம் நெருக்குண்ண, மறுபக்கம் இழுபடுகிறது. நெருக்குண்ட பக்கத்தில் என்பை அரிக்கும் கலங்கள் தோன்றிப் பல்லுக்கு வழிவிடுகின்றன. இழுபட்ட பக்கத்தில் என்பைக் கட்டும் கலங்கள் புதிய என்பை இட்டு வெளியை நிரப்புகின்றன. கம்பி ஏவுகிறது, வேலையை உடம்பே செய்கிறது. இவ்வாறு ஒரு பல் மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நகரும்.

விசை மிஞ்சினால் நேர்வதென்ன? சுவீடன் நாட்டவரான காள் சான்ட்ஸ்டெட் நாய்களின் பற்களில் செய்த ஆய்வுகளை 1904, 1905 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். கடும் விசைக்குட்பட்ட இடத்தில் நார்ப்படலம் உயிரற்றுக் கண்ணாடிபோலாவதை அவர் கண்டார். குருதிக் குழாய்கள் நசுங்கிவிட்டால் அரிக்கும் கலங்கள் அவ்விடத்தை அடைவதெங்ஙனம்? அவை பின்புறமாகச் சுற்றி வந்து என்பைக் குடைய வேண்டியதாகிறது. அதுவரை, சில வாரங்கள், பல் அசையாது நிற்கும். வேரின் நுனி கரைந்து குறுகும் அபாயமும் கூடும். நுண்குழாய்களின் குருதி அமுக்கத்தை விஞ்சாத விசையே தகுந்தது என 1932 இல் ஷ்வார்ஸ் என்பவர் கூறினார். ஒரு பல்லைச் சற்றே சாய்த்து நகர்த்துவதற்கு 35 முதல் 60 கிராம் விசையே போதுமானது.

எல்லோர்க்கும் பல் ஒரே வேகத்தில் நகர்வதுமில்லை. வளரும் பிள்ளைகளில் இக்கலங்கள் விரைவில் விழித்தெழும், முதிர்ந்தோரில் தாமதிக்கும். கீழ்த்தாடையின் என்பு செறிவு மிக்கதாகையால், மேல்தாடைப் பற்களே பொதுவாக எளிதில் நகர்கின்றன. முரசு வீங்கிக் குருதி கசியும் நிலையில் கம்பி போட்டால், பல்லைத் தாங்கும் என்பே அழிந்து போகலாம். ஆகவே முரசு நோயை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டுப்படாத நீரிழிவும் புகைத்தலும் இவ்வகையிலேயே இடர் செய்வன.

தாய்மார் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. கம்பியைச் சரிசெய்த பின் இரண்டு மூன்று நாட்கள் நோவு இருக்கும். அதற்கென இபுப்ரொபன் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுத்தல் நன்றன்று. பல் நகர்வதற்கு வேண்டிய சுரப்பொன்றை அவை தடுப்பதால், நகர்வு மந்தமாகலாம். பரசிற்றமோல் அத்துணை தடை செய்வதில்லை. என்பு தேய்வுக்கான மருந்துகளையோ ஸ்டீரொயிட் மருந்துகளையோ உட்கொள்வோர் அதனை வைத்தியரிடம் முன்னரே கூறிவிட வேண்டும்.

கம்பியைக் கழற்றியதும் கடமை முடிந்ததென எண்ணலாகாது. முரசிலுள்ள நார்கள் புதிய நிலைக்குப் பழக ஓராண்டளவு செல்லும். அதற்கிடையில், பற்களை நிலைநிறுத்தும் சாதனத்தை அணியாவிடின் அவை பழைய இடத்தையே நாடும். அதன் பின்னரும் வைத்தியர் கூறும் காலம்வரை அதனை அணிதல் வேண்டும்.

கொழும்பு வாட் பிளேஸிலுள்ள தேசிய பல் போதனா வைத்தியசாலையில் இத்துறை நிபுணர்கள் உள்ளனர். விரைவில் முடித்துத் தருவதாகக் கூறும் தகுதியற்றோரை நாடி, மலிவென்று மயங்கிப் பிள்ளைகளின் பற்களை இழக்க வேண்டாம்.

திருமணம் குறித்த நாளில் நடந்தேறியது. கம்பி கழற்றப்படவில்லை, இன்னும் ஓராண்டு செல்லும் என்றார் வைத்தியர். மணமகளின் அருகில் நிற்கும் தங்கையின் படத்தைத் தாயார் நமக்குக் காட்டினார். பற்களில் கம்பி பளிச்சிடுகிறது. வாயைப் பொத்த வேண்டிய கையோ, அக்காவின் தோளில் இருக்கிறது.