ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம்: நிறைகளும் குறைகளும்

திறந்தமூல இயங்குதளம் என்றவுடன் நம்மில் பலருக்கு லினக்ஸ் நினைவுக்கு வரும். அதே யூனிக்ஸ் மரபைச் சேர்ந்த ஓப்பன்பிஎஸ்டியைப் பெயரளவில் அறிந்தோரும் சிலரே. ஆயினும் அதனை உருவாக்கியோர் ஆக்கிய ஒரு கருவியை நாம் அறியாமலே நாள்தோறும் சார்ந்திருக்கிறோம். அகராதி, கலைச்சொல் பட்டியல், ஆவணக் காப்பு ஆகிய பணிகளைக் கணினியிடம் ஒப்படைத்துள்ள மொழி அமைப்புகள் இத்தளத்தின் இயல்பை அறிந்திருத்தல் நன்று. அதன் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தன்னால் உறுதி கூற இயலாத எதனையும் சேர்க்க மறுக்கும் கொள்கையே அவ்வேர்.

1. தோற்றம்

பெல் ஆய்வகத்தில் 1969இல் உருவாகத் தொடங்கிய யூனிக்ஸைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் வளர்த்தெடுத்தது. அங்கிருந்து வெளிவந்த பதிப்புகள் பிஎஸ்டி எனப்பட்டன. அம்மரபில் 1993இல் நெட்பிஎஸ்டி தோன்றியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான தியோ டி ராட் கருத்து வேறுபாட்டால் பிரிந்து, 1995 அக்டோபரில் கனடாவின் கல்கரி நகரிலிருந்து ஓப்பன்பிஎஸ்டியைத் தொடங்கினார். மறைகுறியாக்க மென்பொருளின் ஏற்றுமதியை அமெரிக்கா அன்று கட்டுப்படுத்தியிருந்தது. கனடாவில் இருந்தமையால் இத்தளம் அத்தகைய மென்பொருளைத் தடையின்றிச் சேர்த்துக்கொண்டது. தொண்டூழியர்களின் உழைப்பில் ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பு வெளிவருகிறது.

2. நிறைகள்

முதல் நிறை பாதுகாப்பு. நிரல்களை வரிவரியாகப் படித்துப் பிழை களைவது இத்திட்டத்தின் அன்றாட வழக்கம். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பெரும்பிழை வெளிப்பட்டபோது, இவர்கள் அதன் நிரலைப் பிரித்தெடுத்துத் தேவையற்ற பகுதிகளை நீக்கி, லிப்ரெஎஸ்எஸ்எல் என்னும் பெயரில் வெளியிட்டனர்.

‘பிளெட்ஜ்’ என்னும் ஏற்பாடும் குறிப்பிடத்தக்கது. இதனைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரலும் தான் செய்யவிருக்கும் பணிகளின் வகையை முன்கூட்டியே அறிவிக்கிறது. அறிவித்த எல்லையை மீறினால் இயங்குதளம் அதனை அக்கணமே நிறுத்திவிடுகிறது. கோப்புகளைப் படிப்பதாக மட்டும் உறுதியளித்த நிரல் திடீரென இணையத்தைத் தொடர்புகொள்ள முயன்றால், அதற்கு இடமில்லை.

இயல்பான நிறுவலில் தொலைவிலிருந்து ஊடுருவ இடமளித்த ஓட்டைகள் நெடுங்காலத்தில் இரண்டே என இத்திட்டம் பெருமையுடன் கூறுகிறது. இக்கூற்றில் ‘இயல்பான’ என்னும் அடை கவனத்திற்குரியது. இயல்பான நிறுவலில் மிகச் சில சேவைகளே இயங்குகின்றன. பயனர் பிற மென்பொருளைச் சேர்த்தபின் அவ்வுறுதி அவற்றிற்குப் பொருந்தாது.

இரண்டாம் நிறை ஆவணம். இத்தளத்தின் கையேட்டுப் பக்கங்கள் சுருங்கச் சொல்லுதல், திரிபின்றிச் சொல்லுதல் ஆகிய இரண்டிலும் சிறந்தவை. கையேட்டில் உள்ள தவறு, நிரலில் உள்ள தவறுக்கு நிகராகவே திருத்தப்படுகிறது. இணைய இணைப்பின்றியே ஒருவர் கையேட்டைப் படித்துக் கணினியை அமைத்துவிடலாம்.

மூன்றாம் நிறை, அதன் எல்லைக்கு அப்பாலும் பயன் தருவது. தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாகத் தொடர்புகொள்ள உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச், 1999இல் இத்திட்டத்தில் பிறந்தது. இன்று லினக்ஸ், மேக், விண்டோஸ் ஆகிய அனைத்திலும் அது பயன்படுகிறது.

3. குறைகள்

மேற்கூறிய கொள்கைக்கு விலையும் உண்டு. புளூடூத் ஆதரவைப் பராமரிப்பார் இல்லாமையால் 2014இல் அதனை நீக்கிவிட்டனர். என்விடியா நிறுவனத்தின் வரைகலை இயக்கிகள் இதற்குக் கிடைப்பதில்லை. திடீரென மின்சாரம் தடைப்பட்டால், கோப்பு முறைமையைச் சரிபார்க்க நெடுநேரம் ஆகலாம். சில செயலிகளில் விரைவு தரும் வசதி ஒன்றைப் பாதுகாப்புக் கருதி 2018இல் இயல்பாகவே முடக்கிவைத்தனர். ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ ஓராண்டே பராமரிப்பு உண்டு. எனவே நிறுவிவிட்டு மறந்திருக்க விரும்புவோர்க்கு இது ஏற்றதன்று.

பொருள் வளமும் குறைவே. 2014இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 20,000 டாலர் மின்கட்டணத்திற்கு வழியின்றி இத்திட்டம் உதவி கோரியது. நன்கொடைகளால் மீண்டது. உலகெங்கும் பயன்படும் கருவியை ஆக்கியோர்க்கே இந்நிலை நேர்ந்தது.

4. தமிழ்ப் பணிக்கு எவ்வாறு?

இத்தளம் பழைய எண்பிட்டுக் குறியேற்றங்களைக் கைவிட்டு, ஆஸ்கியோடு ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவத்தை மட்டுமே ஏற்கிறது. டிஸ்கி, டாப், டாம் எனப் பல குறியேற்றங்களுக்கிடையே இடர்ப்பட்ட தமிழர்க்கு இம்முடிவின் அருமை விளங்கும்.

ஆயின் அடிப்படைத் தளத்தில் மொழிவாரியான அகரவரிசை விதிகளுக்கு இடமில்லை. நிரல்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டு நடந்துகொண்டால் பிழை மலியும் என்பது அவர்தம் கருத்து. அதன் விளைவைச் சொற்பட்டியலில் காணலாம். தமிழ் நெடுங்கணக்கில் பகரம் முன்னும் னகரம் இறுதியிலும் நிற்கும். ஆதலின் ‘கபம்’ முன்வந்து ‘கனவு’ பின்வர வேண்டும். ஒருங்குறி அட்டவணையிலோ நகரத்தை அடுத்து னகரம் இடம்பெற்றுள்ளது. குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் கட்டளை ‘கனவு’ என்பதை முதலில் வைக்கிறது. புள்ளிக்கும் இதே நிலைதான். அகராதியில் ‘கடல்’ என்பதற்கு முன் வரவேண்டிய ‘கட்சி’ பின்னே தள்ளப்படுகிறது. ஆயிரக்கணக்கான சொற்களைக் கொண்ட பட்டியலில் இவ்வாறு நேர்ந்தால், தேடுவோர் கண்ணுக்குச் சொல் அகப்படாது. பட்டியலில் இல்லையென்றே கருதிவிடுவர்.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. அகரவரிசை விதிகளை உட்கொண்ட ஐசியூ நிரலகம், இத்தளத்திற்கெனத் தொகுக்கப்பட்ட கூடுதல் மென்பொருள்களுள் உள்ளது. இணைய உலாவியும் தமிழ் எழுத்துருக்களும் அவ்வாறே கிடைக்கின்றன. எனினும் இவற்றைத் தேடி இணைக்கும் பொறுப்பு பயனரையே சாரும். தளத்தின் செய்திகளும் கையேடுகளும் ஆங்கிலத்திலேயே உள்ளன.

5. முடிவுரை

அலுவலக மேசைக்கணினிக்கும் அகராதிப் பணிக்கும் இத்தளத்தைப் பரிந்துரைப்பது கடினம். வலையமைப்பின் நுழைவாயிலைக் காக்கும் கணினிக்கும், மாற்றமின்றிப் பாதுகாக்க வேண்டிய ஆவணங்களைத் தாங்கும் வழங்கிக்கும் இது மிகப் பொருத்தமானது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் கையேட்டைப் படிக்கவும் முன்வரும் ஒருவரேனும் அவ்வமைப்பில் இருத்தல் வேண்டும். தரவுகளின் மறுபடி ஒன்றும் தனியே இருத்தல் வேண்டும்.

இத்தளத்தைப் பயன்படுத்தாதோரும் அதனிடமிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. தமிழ் மென்பொருள் பல, அவற்றை ஆக்கியோர் விலகியபின் விளக்கக் குறிப்பின்மையால் வழக்கொழிந்தன. ஒரு கருவி எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பதைத் தெளிவாக எழுதிவைப்பதும் அக்கருவியை ஆக்கும் பணியின் பகுதியே. நம் சொற்பட்டியல்களுக்கும் எழுத்துருக்களுக்கும் அத்தகைய கையேட்டைத் தமிழில் எழுதத் தொடங்குவதற்குப் பெரும்பொருள் தேவையில்லை.