சம்மணமிட முடியுமா?

வெள்ளவத்தை மாடி வீடுகளிலே படியேற இயலாது வருந்தும் முதியோர் பலர். கொட்டாஞ்சேனையிலோ தேவாலயத்தில் முழந்தாளிடவும் கோயிலில் நிலத்தில் அமரவும் மாட்டாத தாய்மார் பலர். தேய்ந்த முழங்கால் மூட்டை மாற்றலாமென வைத்தியர் கூறியதும் வீட்டிலே இரு வினாக்கள் எழுகின்றன: புதிய மூட்டு எத்தனை காலம் உழைக்கும்? பழையபடி நிலத்தில் இருக்கலாமா? ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் முதல் வினாவுக்கே விடை தேடினர்.

1890ஆம் ஆண்டில் பேர்லின் சத்திர வைத்தியர் தெமிஸ்ரொக்கிளிஸ் குளுக் யானைத் தந்தத்தாலான மூட்டைப் பொருத்திப் பார்த்தார். கிருமித் தொற்று அம்முயற்சியைக் கெடுத்தது. உலோகமும் பிளாஸ்ரிக்கும் கொண்ட இன்றைய மூட்டு 1970களில் உருப்பெற்றது. 1975இல் சுவீடன் இச்சிகிச்சைக்கென நாடளாவிய பதிவேடொன்றைத் தொடங்கியது. பிற நாடுகளும் பின்பற்றின. அவுஸ்திரேலிய, பின்லாந்துப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியான கட்டுரை, நூற்றுக்கு 82 மூட்டுகள் 25 ஆண்டுகள் நிலைக்குமென மதிப்பிட்டது.

மூட்டு நிலைத்தது, அதைச் சுமந்தவர் மகிழ்ந்தனரா? அண்மைக் காலத்து ஆய்வுகள் இதனையே வினவுகின்றன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1,703 பேரிடம் விசாரித்து 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய ஐவரில் ஒருவர் மனநிறைவு கொள்ளவில்லை. எதிர்பார்த்தது கைகூடாமையே அதற்குத் தலையாய காரணமாகக் காணப்பட்டது.

நம்மவரின் எதிர்பார்ப்போ நிலத்தில் அமர்வது. நாற்காலியிற் பழகிய மேனாட்டாருக்கு இவ்வினா எளிதில் தோன்றாதுதான்! குந்தியிருக்க முழங்கால் 130 பாகைக்கு மேல் மடங்கவேண்டும். அதற்கெனவே கூடுதலாக மடங்கும் மூட்டுகள் விற்பனைக்கு வந்தன. தென்கொரிய வைத்தியர்கள் 50 நோயாளருக்கு ஒரு காலில் சாதாரண மூட்டையும் மறு காலில் புதுவகை மூட்டையும் பொருத்தி, முடிவை 2005இல் வெளியிட்டனர். இரண்டின் சராசரி வேறுபாடு மூன்று பாகைக்கும் குறைவு. மூட்டின் விலையைக் காட்டிலும், சத்திரசிகிச்சைக்கு முன் கால் எவ்வளவு மடங்கிற்று என்பதே பெரிதும் பயன் தரும் அளவுகோல். வைத்தியரிடம் இதனை முற்கூட்டியே கேட்டறிதல் நன்று.

அவசரமும் வேண்டியதில்லை. 2015இல் வெளியான டென்மார்க் ஆய்வில் 50 பேர் சத்திரசிகிச்சையும் பயிற்சியும் பெற்றனர். 50 பேர் பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு, மருந்து முதலியவற்றை மட்டும் பெற்றனர். முன்னவர் கூடுதலாக நலமடைந்தனர் என்பது உண்மையே; கடும் பக்கவிளைவுகளும் அவர்களிடமே மிகுந்திருந்தன. பின்னவருள் அவ்வாண்டிலேயே சத்திரசிகிச்சையை நாடியோர் 13 பேர் மாத்திரமே.