உங்களுக்குத் தெரியுமா? பழைய காரின் கோளாறை வாசலிலேயே கண்டுபிடிக்கலாம்!

அம்பாசடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் ஒரே ஆண்டில், 2014-ல், நின்றது. அவற்றின் பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ஸ்கேனர் செருக இடமே கிடையாது. கண், காது, ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

சைலன்சர் புகையில் நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது, எப்போது வருகிறது என்றும் கவனிக்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் குப்பென்று வந்து அடங்கினால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். இரவெல்லாம் ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கும். மேடேறும்போது மிதிக்க மிதிக்க வந்தால் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம். முன்னது சின்னச் செலவு, பின்னதற்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டும். புகையைப் பார்த்ததுமே "ரீபோர் பண்ணிடலாம் சார்" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கறுப்புப் புகைக்குக் காரணம் பெட்ரோல் கூடுதலாகப் போவது. சோக் பாதியில் சிக்கியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பனிக்காலையில் வரும் வெள்ளை ஆவியால் பயமில்லை. எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் எஞ்சின் நலம். உலர்ந்த கரி: பெட்ரோல் அதிகம். பிசுபிசுப்பான கறுப்பு: ஆயில் உள்ளே வருகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மீறியிருக்கிறது. எது எந்த சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள். குவித்துவிட்டால் பார்த்ததெல்லாம் வீண்.

எஞ்சின் மிஸ் அடிக்கிறதா? இருட்டிய பிறகு, எஞ்சின் ஓடும்போதே பானெட்டைத் திறந்து, சற்று விலகி நின்று பாருங்கள். பிளக் வயரில் வெடிப்பிருந்தால் நீலப் பொறி தாவுவது தெரியும். தொட்டுப் பார்க்கும் வீரமெல்லாம் வேண்டாம், ஆயிரக்கணக்கான வோல்ட் அது!

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பலர் பேட்டரி கடைக்கு ஓடுகிறார்கள். முழு சார்ஜில் நிற்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14-க்கு ஏற வேண்டும். ஏறவில்லையா? ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். இல்லாவிட்டால் புது பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும்.

கோடையில் மலையேறும் பிரீமியர் பத்மினியின் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றுவது மூடநம்பிக்கை அல்ல. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்ப் சூடேறினால் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியை பம்ப் இழுக்காது. ஆறியதும் தானே ஸ்டார்ட் ஆனால், பம்பை மாற்றும் முன் யோசியுங்கள்.

"நம்ம ஊர் சூட்டுக்குத் தேவையில்லை" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இன்றும் நடக்கிறது. சுத்த அபத்தம்! எஞ்சின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகி பெட்ரோல்தான் வீணாகும். அது வேலை செய்கிறதா என்று அடுப்பிலேயே பார்க்கலாம்: நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சினால், கொதி வருவதற்குள் வால்வு திறக்க வேண்டும். இதற்குச் சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள், கூலன்ட் விஷம்.