பழைய மகிழுந்து உதிரிபாகங்கள்: விலையும் தரமும்

உற்பத்தி நிறுத்தப்பட்ட மகிழுந்துகளைத் தொடர்ந்து ஓட்டத் தேவைப்படும் மாற்றுப் பாகங்களே பழைய மகிழுந்து உதிரிபாகங்கள் ஆகும். ஒரே பாகம் பல தரங்களிலும் பல விலைகளிலும் விற்கப்படுகிறது. விலையை மட்டும் பார்க்காமல், பாகம் பழுதானால் என்ன நேரும் என்பதை வைத்துத் தேர்வு செய்வதே பாதுகாப்பானது.

பின்னணி

இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டு மகிழுந்தின் வடிவமைப்பைக் கொண்டது. பிரீமியர் பத்மினி ஃபியட் 1100 வகையிலிருந்து வந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்டது. அம்பாசடர் 2014 வரை உற்பத்தியானதாலும், வாடகை வண்டியாகப் பரவலாக ஓடியதாலும் அதன் பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. ஹெரால்டு பாகங்கள் அரிதானவை. சிலவற்றை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டியுள்ளது.

பாகங்களின் வகைகள்

* அசல் பாகம்: வண்டி நிறுவனத்துக்குப் பாகம் வழங்கிய நிறுவனமே தயாரித்தது.
* பழைய இருப்பு: பல ஆண்டுகளுக்கு முன் தயாரிக்கப்பட்டு, பயன்படுத்தப்படாமல் கடையில் இருப்பது.
* மாற்று நிறுவனப் பாகம்: வேறு நிறுவனம் தன் சொந்தப் பெயரில் விற்பது. தரம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.
* கழற்றிய பாகம்: உடைக்கப்பட்ட வண்டியிலிருந்து எடுத்தது. சென்னை புதுப்பேட்டை இதற்குப் பெயர்பெற்ற சந்தை.
* போலிப் பாகம்: புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரையும் பெட்டியையும் நகலெடுத்தது.

விலை குறைவதன் காரணம்

மலிவான பாகத்தில் பெரும்பாலும் மூலப்பொருள், வெப்பப் பதப்படுத்தல், அளவுத் துல்லியம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று குறைக்கப்பட்டிருக்கும். இவை கண்ணுக்குத் தெரிவதில்லை. பளபளக்கும் புதிய பற்சக்கரத்தைவிட, தேய்மானம் குறைந்த பழைய அசல் பற்சக்கரம் நீடித்து உழைக்கலாம்.

ரப்பருக்கு இது பொருந்தாது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ரப்பர் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். ஆகவே உலோகப் பாகங்களைப் பழைய இருப்பில் வாங்கலாம். ரப்பர் பாகங்களைப் புதிதாகத் தயாரித்ததாகவே வாங்க வேண்டும்.

உயிர் காக்கும் பாகங்கள்

தொடக்ககால அம்பாசடரில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான் இருந்தது. ஒரு சக்கரத்தின் வீல் சிலிண்டரில் உள்ள சிறிய ரப்பர் கப் கிழிந்து எண்ணெய் கசிந்தாலும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் பிடிக்காமல் போகக்கூடும். எனவே பிரேக், ஸ்டீயரிங், சக்கர பேரிங் ஆகியவற்றில் சிக்கனம் கூடாது.

எரிபொருள் குழாய்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. 2023 முதல் இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. பழைய ரப்பர் வகைகள் பல எத்தனாலைத் தாங்குவதில்லை. சூடான எஞ்சின்மீது பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கலாம். எத்தனால் தாங்கும் குழாய்களுக்கு ஆகும் கூடுதல் செலவு அவசியமானது.

சிக்கனம் செய்யக்கூடிய இடங்கள்

கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம், இருக்கை உறை, சக்கர மூடி போன்றவற்றில் கழற்றிய பாகமோ மலிவான பாகமோ போதும். பழுதானால் தோற்றம் கெடும், விபத்து நேராது.

கூலியையும் கணக்கிட வேண்டும். கிளட்ச் பிளேட்டை மாற்ற எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்தாக வேண்டும். மலிவான பிளேட் விரைவில் தேய்ந்தால் அதே கூலியை மீண்டும் கொடுக்க நேரும். மிச்சம் பிடித்த பணம் கூலிக்கே போய்விடும்.

சட்ட நிலை

2021 விதிமுறைப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான, பெரிய மாற்றங்கள் செய்யப்படாமல் அசல் வடிவில் உள்ள வாகனங்களைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்யலாம். இத்தகைய வண்டிகளுக்கு அசல் வடிவத்தை ஒத்த பாகங்களைத் தேடுவது பொருத்தமானது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* பழைய பாகத்தைக் கையோடு கொண்டுசென்று அளவை ஒப்பிட வேண்டும்.
* பெட்டியின் அச்சு, பாக எண், தயாரிப்பு தேதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
* ரசீது பெற வேண்டும்.
* மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ‘ஒரிஜினல்’ பாகத்தைச் சந்தேகத்துடன் அணுக வேண்டும்.