எண்ணெய்க் கையும் காப்பித்தூளும்

மன்னார்குடிக்கு வடகிழக்கே, அரசலாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது காரைக்கால். 2022 ஜூலையில் அங்கே வாந்திபேதி பரவியது. சிலருக்கு வந்திருப்பது காலரா என்று தெரிந்ததும் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று சொன்னார்கள். நம் காவிரி டெல்டாவிலேயே, அண்மையில் நடந்தது இது!

காலராவை உண்டாக்கும் கிருமி, காற்புள்ளி போல லேசாக வளைந்திருக்கும். ஜெர்மனி நாட்டு மருத்துவர் ராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவில் அதைத் தனியே பிரித்து வளர்த்தார். எங்கெல்லாம் தேடினார் தெரியுமா? நோயாளிகளின் குடலில் மட்டுமல்ல, ஒரு குளத்திலும் தேடினார். சுற்றியிருந்தவர்கள் குளித்ததும் துணி துவைத்ததும் குடிக்க மொண்டதும் அதே குளத்தில்தான். கிருமி அங்கேயும் இருந்தது. மன்னார்குடியில் ஹரித்ரா நதி என்னும் தெப்பக்குளத்தைப் பார்த்து வளர்கிற உங்களுக்கு, ஒரு குளத்தை எத்தனை பேர் நம்பியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நோயாளியின் மலத்தில் வெளியேறும் கிருமி, தண்ணீர் வழியாகவும் கை வழியாகவும் அடுத்தவர் வாய்க்குப் போகிறது. கொதிக்கக் கொதிக்க வடித்த சோறுதான். ஆனால் பிசைவது கை ஆயிற்றே!

வெறும் தண்ணீரில் அலசினால் போதாதா? வீட்டில் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுவிட்டுச் செய்து பாருங்கள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் தேயுங்கள். அதன்மேல் ஒரு சிட்டிகை காப்பித்தூள் தூவி இரு கைகளிலும் பரப்புங்கள். முதலில் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். தூள் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். நம் தோலில் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் பசை உண்டு. கிருமிகள் ஒட்டிக்கொள்வதும் அதில்தான். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். நாம் தேய்க்கத் தேய்க்க எண்ணெய் பொடிப்பொடியாக உடைந்து, அழுக்கையும் கிருமியையும் சேர்த்துக்கொண்டு தண்ணீரோடு போய்விடும். கிருமி எல்லாம் சாக வேண்டும் என்பதில்லை, கையை விட்டுப் போனாலே போதும். அதனால் வாளிக்குள் கையை முக்காதீர்கள். போன கிருமி அந்தத் தண்ணீரிலேயே கிடக்கும். குழாய் இல்லையென்றால் யாரையாவது சொம்பால் ஊற்றச் சொல்லுங்கள்.

இப்போது சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவிவிட்டு, கையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலைச் சுற்றி, விரல் இடுக்கில், நகக்கண்ணில் தூள் மிச்சம் இருக்கிறதா? இருந்தால், நீங்கள் தினமும் தேய்க்காமல் விடும் இடங்கள் அவைதான்.