ஆன்டிபாடி இருந்தால் மட்டும் போதுமா? எச்ஐவி ஆய்வகங்கள் அதன் ‘வேலையை’ அளப்பது எப்படி?

வேம்பாரில் இருக்கும் ஒருவர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போய் எச்ஐவி பரிசோதனை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே முதலில் தேடப்படுவது வைரஸ் அல்ல, அதற்கு எதிராக உடல் உருவாக்கிய ஆன்டிபாடி. அது இருக்கா, இல்லையா என்பதுதான் பதில். 1986-ல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்ததும் இப்படித்தான்.

தடுப்பூசி தேடும் விஞ்ஞானிகளுக்கு இந்தப் பதில் போதாது. அந்த ஆன்டிபாடி வேலை செய்யுதா என்று அவர்களுக்குத் தெரியணும்.

அது என்ன வேலை?

ஆன்டிபாடிக்கு இரண்டு கை, ஒரு வால். கைகள் வைரஸின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். வால், நோய் எதிர்ப்பு செல்களைக் கூப்பிடும். ‘என்கே’ செல்கள் வந்தால் தொற்றிய செல்லைக் கொன்றுவிடும். இதன் பெயர் ஏடிசிசி. விழுங்கும் செல்கள் வந்தால் அப்படியே விழுங்கிவிடும். அது ஏடிசிபி.

எப்படி அளக்கிறார்கள்?

கொல்லும் வேலைக்கு: எச்ஐவி புரதம் பூசிய செல்களோடு, தடுப்பூசி போட்டவரின் ரத்தத்தில் பிரித்த சீரத்தையும் என்கே செல்களையும் சேர்க்கிறார்கள். சில மணி நேரம் கழித்து எத்தனை செல்கள் தாக்கப்பட்டன என்று எண்ணுகிறார்கள். ஒளி தரும் செல்களை வைத்தும் செய்யலாம். ஒளி எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு செல்கள் செத்திருக்கின்றன.

விழுங்கும் வேலைக்கு: எச்ஐவி புரதம் பூசிய, ஒளிரும் நுண்ணிய மணிகள். எத்தனை செல்கள் விழுங்கின, ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளிர்கிறது என்பதை ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவி சொல்லிவிடும்.

இதில் ஒரு தலைவலி உண்டு. என்கே செல்களின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். அதே சீரத்துக்கு வேறு வேறு எண் வரலாம். அதனால்தான் பல ஆய்வகங்கள் ஒரே மாதிரி வளர்த்த செல் வரிசைகளைப் பயன்படுத்துகின்றன.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன்?

தாய்லாந்தில் 16,000 பேரிடம் நடந்த ‘ஆர்வி144’ தடுப்பூசி சோதனை, 2009-ல் சுமார் 31 சதவீதப் பாதுகாப்பைக் காட்டியது. வைரஸை நேரடியாக முடக்கும் ஆன்டிபாடிகள் அதில் பலவீனமாகவே இருந்தன. பிறகு எது காத்தது? ‘ஐஜிஏ’ வகை ஆன்டிபாடி குறைவாக இருந்தவர்களில், ஏடிசிசி அதிகம் இருந்தவர்களுக்குத் தொற்று குறைவு என்று 2012-ல் வெளியான ஆய்வு சொன்னது. இது தொடர்புதான், நிரூபணம் இல்லை. அதே பாணியில் தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனை, பலன் இல்லாததால் 2020-ல் நிறுத்தப்பட்டது.

இந்த அளவீடுகள் ஆராய்ச்சிக்கு மட்டுமே. நம்பிக்கை மையத்தில் ‘பாசிட்டிவ்’ வந்தால், ‘ஆன்டிபாடி இருக்கே, அது பார்த்துக்கும்’ என்று இருந்துவிட முடியாது. வைரஸைக் கட்டுப்படுத்துவது ஏஆர்டி மாத்திரைதான். அரசு ஏஆர்டி மையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது.